அரசு இல்லாத ஊரில் கொலைகாரனை என்ன செய்வது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

அரசே வேண்டாம் என்ற எண்ணத்தில் ஈர்ப்பு வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்கிறார்கள். ரோடு போடுவது, பள்ளிக்கூடம் நடத்துவது, வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடுவது ஆகியவற்றுக்குக் கூட்டுறவு, ஊர்ச்சங்கம் என்று ஏதாவது பதில் கிடைத்துவிடும். "சரி, ஒருத்தன் கொலை செய்துவிட்டான், அப்புறம்?" என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது. பதில் சொல்ல முயல்பவர்களும் இரண்டாகப் பிரிகிறார்கள். கட்டணம் வாங்கும் காவல் நிறுவனங்களே போதும் என்கிறது ஒரு தரப்பு. ஊர் கூடி முடிவெடுத்தால் போதும் என்கிறது மறு தரப்பு.

கற்பனையில் எந்த ஏற்பாடும் நன்றாகத்தான் இயங்கும். அதனால் நடந்த கதைகளை வைத்தே இதை எடை போட விரும்புகிறேன். அரசு இல்லாமலோ, அரசின் கை எட்டாமலோ மனிதர்கள் நீண்ட காலம் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் குற்றத்தைக் கையாண்ட விதங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

கும்பல் சேர்ந்து தூக்கில் போடுவதை இந்த நான்கில் சேர்க்கவில்லை. 1851-இலும் 1856-இலும் சான் பிரான்சிஸ்கோவில் வணிகர்கள் திரட்டிய கண்காணிப்புக் குழுக்கள் முறைக்கு நான்கு பேராக எட்டுப் பேரைத் தூக்கிலிட்டன. அதில் தீர்ப்பை எதிர்த்துப் பேச ஒரு வழியும் கிடையாது. அது ஆள்பலத்தின் வேலை, ஒப்பிடவே தகுதியில்லாதது.

## எதை வைத்து அளப்பது

முதல் கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம்: கேட்க நாதி இல்லாதவருக்கு இங்கே நீதி கிடைக்குமா? அண்ணன் தம்பிகள் நிறைய உள்ளவனுக்கும் பணம் உள்ளவனுக்கும் எந்த ஏற்பாட்டிலும் ஒரு வழி பிறந்துவிடும். அநாதை, விதவை, பிழைக்க வந்த வெளியூர்க்காரர், சிறிய சாதியையோ குலத்தையோ சேர்ந்தவர் ஆகியோரில் ஒருவர் தாக்கப்பட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அந்த ஏற்பாட்டின் தரம் அங்கேதான் தெரியும்.

இரண்டாவது, பழிக்குப் பழி எந்த இடத்தில் நிற்கும்? மூன்றாவது, செய்தது யாரென்றே தெரியாத குற்றத்தில் துப்புத் துலக்குவது யார்? நான்காவது, எத்தனை முறை தண்டம் கட்டினாலும் திருந்தாமல் மறுபடி கை வைப்பவனை என்ன செய்வது? ஐந்தாவது, காவலுக்கு நிற்பவனே நாளைக்கு எசமானன் ஆகிவிடாமல் எது தடுக்கும்?

செலவையும் பார்க்க வேண்டும். அரசு இல்லை என்றால் வரி இல்லை, உண்மைதான். ஆனால் அதே செலவு நேரமாக, பயமாக, சொந்தக்காரன் செய்த தப்புக்கு நாம் கட்டும் தண்டமாக வேறு வாசலில் வந்து நிற்கும்.

## முதல் வழி: குலமும் நட்ட ஈடும்

உலகத்தில் அதிகம் பேர் அதிக காலம் பின்பற்றிய வழி இதுதான். இன்றும் உயிரோடு இருக்கும் உதாரணம் சோமாலியரின் ஹேர் என்ற வழக்காற்றுச் சட்டம். 1991 ஜனவரியில் சியாத் பாரேயின் அரசு கவிழ்ந்து நாடு துண்டு துண்டானபோதும் இது இயங்கிக்கொண்டே இருந்தது, ஏனென்றால் அந்த அரசுக்கு வெகுகாலம் முன்பே வேர் விட்ட ஏற்பாடு அது.

ஒவ்வோர் ஆணும் சில நூறு முதல் சில ஆயிரம் பேர் கொண்ட ஒரு பங்காளிக் கூட்டத்தில் பிறக்கிறான். அந்தக் கூட்டத்தில் ஒருவன் கொலை செய்தால் நட்ட ஈட்டைக் கூட்டம் மொத்தமும் சேர்ந்து கட்ட வேண்டும். ஆணைக் கொன்றால் 100 ஒட்டகம், பெண்ணைக் கொன்றால் 50 என்பது மரபான கணக்கு. இரு தரப்புப் பெரியவர்களும் மர நிழலில் உட்கார்ந்து நாள்கணக்கில் பேசுவார்கள். சிறையும் இல்லை, போலீசும் இல்லை.

இதன் பலம் தண்டனையில் இல்லை, தடுப்பில் இருக்கிறது. கத்தியைத் தூக்கும் வாலிபனை முதலில் பிடித்து நிறுத்துவது அவனுடைய சித்தப்பாதான், ஏனென்றால் ஒட்டகம் போவது அவருடைய பட்டியிலிருந்து. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் கையில் ஏதாவது கிடைக்கிறது. கொலைகாரன் சிறைக்குப் போய், செத்தவனின் பிள்ளைகள் பட்டினி கிடக்கும் நம் நிலைமையோடு வைத்துப் பார்த்தால், இது சாதாரண விஷயமே இல்லை.

தெற்கு சூடானின் நுவெர் மக்களிடமும் கிட்டத்தட்ட இதே முறை இருந்தது. 1930-களில் அவர்களோடு தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சார்ட், சிறுத்தைத் தோல் போர்த்திய பூசகர் ஒருவர் இரு தரப்புக்கும் நடுவில் நின்று மாடுகளைக் கைமாற்றி வைப்பதை விவரித்திருக்கிறார். கொலை செய்தவன் அவர் வீட்டுக்குள் ஓடிவிட்டால் யாரும் தொட முடியாது. ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவருக்கும் கிடையாது. பக்கத்து ஊர்க்காரனைக் கொன்றால் மாடு வந்து சேரும். தூரத்துக் குழுவைச் சேர்ந்தவனைக் கொன்றால் வருவது சந்தேகம்.

அங்கேதான் இந்த வழி உடைகிறது. சோமாலியாவில் பெரிய குலங்களோடு சேராத சிறுபான்மைக் குழுக்களுக்குப் பேரம் பேச ஆள்பலம் இல்லை. பெண்ணுக்கு நடந்த கொடுமைக்கான ஈடு அவள் வீட்டு ஆண்களின் கைக்குப் போகிறது. வல்லுறவு செய்தவனுக்கே அவளைக் கட்டி வைத்துக் கணக்கை முடித்த சம்பவங்களும் உண்டு. நாதியற்றவர் என்ற முதல் கேள்வியில் இந்த முறை மோசமாகத் தோற்கிறது. நகரத்திலும் இது தடுமாறும். முகம் தெரியாதவர்கள் நெருக்கியடித்து வாழும் மொகதிஷுவில் குல ஏற்பாடு போதாமல்தான், வணிகர்கள் பணம் கொடுத்து ஷரியா நீதிமன்றங்களை வளர்த்தார்கள். 2006 ஜூனில் அந்த நீதிமன்றங்களின் கூட்டமைப்பே நகரத்தைக் கைப்பற்றிவிட்டது.

பழி நிற்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அல்பேனிய மலைநாட்டைப் பார்க்க வேண்டும். அங்கே கானூன் என்ற மரபுச் சட்டப்படி இரத்தக் கடன் தலைமுறை தாண்டிப் போகும். வீட்டுக்குள் இருப்பவனைக் கொல்லக் கூடாது என்பதால், பழிக்குப் பயந்த குடும்பத்து ஆண்கள் வருடக்கணக்கில் வெளியே வராமல் கிடப்பார்கள். 1990-களில் அரசு தளர்ந்தபோது இது மறுபடி தலைதூக்கி, பள்ளிக்கூடம் போக முடியாத பையன்கள் உருவானார்கள்.

ஆனால் கொசோவோவில் 1990-இல் நடந்தது வேறு. செர்பிய அரசின் போலீசையும் நீதிமன்றத்தையும் அங்கிருந்த அல்பேனியர்கள் நம்பவில்லை. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் அந்தோன் சேட்டாவும் மாணவர்களும் வீடு வீடாகப் போய், மகனைப் பறிகொடுத்த தகப்பன்களிடம் மன்னிக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஆயிரம் அளவுக்குப் பகைகள் தீர்ந்தன. அந்த மே 1-ஆம் தேதி திறந்த வெளியில் பெருந்திரளான மக்கள் முன்னால் பகையாளிகள் கைகுலுக்கினார்கள். அரசு இல்லாமல் பழியை நிறுத்த முடியும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

## இரண்டாம் வழி: சட்டம் உண்டு, நீதிமன்றம் உண்டு, போலீஸ் இல்லை

930-இலிருந்து 1262 வரை ஐஸ்லாந்தில் மன்னன் இல்லை, படை இல்லை, போலீஸ் இல்லை. அல்திங் என்ற பொதுச்சபை ஒவ்வொரு கோடையிலும் திங்வெல்லிர் சமவெளியில் கூடும். சம்பளம் வாங்கிய ஒரே பொது ஊழியர் சட்டம் உரைப்பவர். மூன்று வருடப் பதவி. எழுத்தில் இல்லாத சட்டத்தை வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்காக மனப்பாடமாகச் சொல்லி முடிக்க வேண்டும். 1117-18 குளிர்காலத்தில்தான் சட்டத்தை எழுதத் தொடங்கினார்கள்.

வழக்கு நடக்கும், தீர்ப்பு வரும். நிறைவேற்றுவது ஜெயித்தவர் பாடு. நட்ட ஈடு கட்டாதவன், கொடிய குற்றம் செய்தவன் சட்டத்துக்கு வெளியே தள்ளப்படுவான். சிறிய அளவு என்றால் மூன்று வருடம் நாடு கடத்தல். முழு அளவு என்றால் அவனை யார் வேண்டுமானாலும் கொல்லலாம், சோறு போட்டாலே குற்றம். கொன்றவன் அதை மறைக்காமல் பக்கத்து வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. செத்தவரின் உறவினர் வீடாக இருந்தால் மட்டும் தாண்டிப் போகலாம். மறைத்தால் அது இழிவான கொலையாகிவிடும். துப்புத் துலக்க ஆள் இல்லாத சமூகம், தானே ஒப்புக்கொள்வதை லாபகரமாக்கி வைத்திருந்தது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

நாதியற்றவர் பிரச்சினைக்கும் அவர்களிடம் ஒரு விடை இருந்தது. ஈடு கேட்கும் உரிமையை வேறொருவருக்குக் கைமாற்றிக் கொடுக்கலாம். பலமில்லாத குடியானவன் தன் வழக்கை ஒரு பலசாலிக்குக் கொடுத்துவிடுவான். அவர் வழக்காடி வசூல் செய்து பங்கு எடுத்துக்கொள்வார். ஏழையை அடித்தால் கேட்க ஆள் இல்லை என்ற துணிச்சல் இதனால் குறையும் என்று அமெரிக்கப் பொருளாதாரவாதி டேவிட் ஃபிரீட்மன் இதை மிகவும் பாராட்டுகிறார்.

நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். அந்தப் பலசாலிகள் இலவசமாக உதவவில்லை. அவர்கள் கோதி எனப்படும் தலைவர்கள். நிலத்தையே எழுதி வாங்கிக்கொண்டு வழக்கை எடுத்த கதைகள் உண்டு. கோதி பதவியே விற்கவும் வாங்கவும் கூடிய சொத்து. குடியானவன் தனக்குப் பிடித்த கோதியைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற விதி, தலைவர்கள் நிறையப் பேர் இருந்த வரைக்கும் அவர்களை அடக்கி வைத்தது. 13-ஆம் நூற்றாண்டுக்குள் பதவிகள் ஒரு சில குடும்பங்களின் கைக்குள் போய்விட்டன. அப்புறம் நடந்தது உள்நாட்டுப் போர். இரண்டு முறை சட்டம் உரைப்பவராக இருந்த ஸ்னோரி ஸ்டூர்லுசனே 1241-இல் தன் வீட்டு நிலவறையில் வெட்டிக் கொல்லப்பட்டார். கடைசியில் சண்டை ஓய்ந்தால் போதும் என்ற நிலையில் நோர்வே மன்னனுக்குப் பணிந்தார்கள். இத்தனைக்கும் 300 வருடத்துக்கு மேல் ஓடிய ஏற்பாடு. பல அரசுகளின் ஆயுளே அவ்வளவு இல்லை.

## மூன்றாம் வழி: காசு கொடுத்தால் காவல்

பாதுகாப்பையும் மற்ற சரக்குகளைப் போலச் சந்தையில் வாங்கலாம் என்று 1849-இலேயே எழுதியவர் பெல்ஜியத்தின் குஸ்தாவ் தெ மொலினாரி. 20-ஆம் நூற்றாண்டில் மரே ராத்பார்டும் ஃபிரீட்மனும் அதை விரித்தார்கள். நீங்கள் ஒரு காவல் நிறுவனத்துக்குச் சந்தா கட்டுகிறீர்கள். உங்கள் வீட்டில் திருடியவன் வேறு நிறுவனத்தின் சந்தாதாரன் என்றால், இரண்டும் ஒரு நடுவரிடம் போகும். சண்டை போட்டால் செலவு அதிகம் என்பதால் சமாதானத்தையே விரும்பும் என்பது வாதம். துப்புத் துலக்குவதில் இந்த வழிக்கு நல்ல மதிப்பெண் போடலாம். காசு வாங்கியவனுக்குக் கண்டுபிடித்துத் தர வேண்டிய கடமை இருக்கிறது.

இதைத் தமிழ் வாசகர்கள் கற்பனை செய்து பார்க்கத் தேவையில்லை. தென் தமிழ்நாட்டில் காவல் முறை என்று இதே போன்ற ஒன்று இருந்தது. காவல்காரர்கள் விளைச்சலில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டு ஊரைக் காத்தார்கள். களவு போனால் மீட்டுத் தர வேண்டும், இல்லாவிட்டால் அதன் மதிப்பைக் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு அழகான ஒப்பந்தம். ஆனால் காவல் கொடுக்காத வீட்டில் மாடு காணாமல் போவதும், துப்புக்கூலி கொடுத்தால் மாடு திரும்பி வருவதும் இதோடு சேர்ந்தே நடந்தன. 1890-களில் மதுரை, திண்டுக்கல் பக்கத்து ஊர்கள் இதை எதிர்த்துப் பண்டு சேர்த்தன. பொதுவில் பணம் போட்டுத் தாங்களே காவல் வைத்துக்கொண்டு, மாடு பறிகொடுத்தவருக்கு அதிலிருந்து ஈடு கொடுத்தார்கள்.

இந்தக் கதையில் அரசு நல்லவனாக நுழைந்தது என்று நினைத்துவிட வேண்டாம். காலனி அரசின் ஆவணங்கள் ஒரு சமூகத்தையே திருடர் கூட்டமாக எழுதி வைத்தன. பிறகு அந்த அரசு குற்றப் பழங்குடிச் சட்டத்தை ஏவி, கைரேகை வாங்கி, இரவில் ஊரை விட்டு நகரவிடாமல் வைத்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் ஊர்க்காரர்கள் பலர் செத்தார்கள். காசுக்குக் காவல் நின்றவர்கள் செய்த கெடுதலைவிட இது பல மடங்கு பெரியது.

காவலுக்கும் மிரட்டலுக்கும் நடுவில் இருக்கும் கோடு மெலிதானது என்பது மட்டும் திரும்பத் திரும்ப நிரூபணம் ஆகியிருக்கிறது. சிசிலியில் 1812-இல் நிலப்பிரபுத்துவம் ஒழிக்கப்பட்ட பிறகு தோட்டங்களைக் காக்க அமர்த்திய தனியார் காவலாட்கள் வழியாகத்தான் மாஃபியா வளர்ந்தது. 1892-இல் அமெரிக்காவின் ஹோம்ஸ்டெட்டில் கார்னகி எஃகு ஆலையின் வேலைநிறுத்தத்தை உடைக்கச் பிங்கர்ட்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் ஆட்கள் சுமார் 300 பேர் படகில் வந்து இறங்கினார்கள். காவல் நிறுவனம் யாருடைய சம்பளத்தை வாங்குகிறதோ அவருக்கு நிற்கும் என்பதில் என்ன ஆச்சரியம்? போட்டி நிறுவனங்களில் பெரியது மற்றவற்றை விழுங்கி அரசாகவே ஆகிவிடும் என்று தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974-இல் வாதிட்டார். அந்த அரசை யாரும் ஓட்டுப் போட்டு இறக்கவும் முடியாது என்பதை நான் சேர்த்துக்கொள்வேன்.

சந்தா கட்ட முடியாதவருக்கு? தர்மம் செய்வார்கள் என்பதுதான் இந்தத் தரப்பு வழக்கமாகச் சொல்லும் பதில். எனக்கு அது போதவில்லை.

## நான்காம் வழி: ஊர்ச்சபை

மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் 1994-இல் அரசை எதிர்த்துக் கிளர்ந்த சபாடிஸ்டா என்ற பழங்குடி இயக்கத்தினர் 2003 ஆகஸ்டில் நல்லாட்சிக் குழுக்கள் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பொறுப்பில் இருப்பவர்களுக்குச் சம்பளம் இல்லை, முறை வைத்து மாறுவார்கள். வழக்கு என்று வந்தால் இரு தரப்பையும் பேச வைத்து, சேதத்தைச் சரிக்கட்டுவதும் ஊருக்கு உழைப்பதுமே முதன்மையான தண்டனைகள். வக்கீல் செலவு இல்லை, லஞ்சம் இல்லை என்பதால் இயக்கத்தில் சேராத பக்கத்து ஊர்க்காரர்களும் அங்கே வழக்கைக் கொண்டுபோனார்கள். 2023 இறுதியில் இந்தக் குழுக்களைக் கலைத்து, அதிகாரத்தை இன்னும் கீழே ஒவ்வொரு ஊருக்கும் இறக்குவதாக அறிவித்தார்கள்.

அதே நாட்டில் மிச்சோகான் மாநிலத்துச் செரான் ஊரில், 2011 ஏப்ரல் 15 விடியற்காலையில், காட்டை வெட்டிக் கடத்திய கும்பலின் லாரிகளைப் பெண்கள் மறித்தார்கள். பிறகு போலீசையும் கட்சிக்காரர்களையும் ஊரை விட்டு அனுப்பிவிட்டு, தெருமுனைகளில் தீ மூட்டி இரவு முழுக்கக் காவல் இருந்தார்கள். அந்தத் தீயைச் சுற்றி நடந்த பேச்சிலிருந்துதான் நான்கு பேட்டைகளுக்கு மூன்று பேர் வீதம் 12 பேர் கொண்ட பெருஞ்சபை உருவானது. ஊர்க்காரர்களே சுற்றுக்காவல் போகிறார்கள். சின்னக் குற்றங்களுக்கு அபராதமும் ஊர் வேலையும். கொலை போன்ற பெரிய குற்றம் என்றால் ஆளை மாநில அதிகாரிகளிடம் ஒப்படைக்கிறார்கள். இதைக் கவனிக்காமல் செரானைப் பாராட்டுபவர்கள் அதிகம்.

ஊர்ச்சபை என்றதும் நம் ஊரில் படித்தவர்களுக்கு உடம்பு கூசும். அது நியாயமான கூச்சம். செரானில் பெண்கள் எழுந்த அதே 2011 ஏப்ரலில்தான், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், கட்டப்பஞ்சாயத்துகள் சட்டவிரோதமானவை, அவற்றை ஒழிக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊரைக் கூட்டித் தண்டம் போடுவது, குடும்பத்தைத் தள்ளி வைத்துக் கடையில் சாமான் கூடக் கொடுக்கவிடாமல் செய்வது, சாதி மாறிக் கல்யாணம் செய்த பிள்ளைகளை மிரட்டுவது எல்லாம் ஊர் என்ற பெயரில்தான் நடந்தன. எல்லாரும் ஒரே சாதியாகவோ, ஒரு சாதி மற்றதை அடக்கி வைத்தோ இருக்கும் இடத்தில், போலீசை விலக்கி அதிகாரத்தைச் சபைக்குக் கொடுப்பது நாதியற்றவரை ஓநாயிடம் ஒப்படைப்பது போலத்தான்.

இதற்கு ஒரு மருந்தைச் சிரியாவின் வடகிழக்கில் குர்துகள் முன்னெடுத்த தன்னாட்சிப் பகுதியில் பார்த்தார்கள். அங்கே தெரு, ஊர் மட்டத்தில் சமாதானக் குழுக்கள் இருந்தன. அவற்றோடு கூட, பெண்கள் மட்டுமே நடத்தும் பெண்கள் இல்லம் என்ற தனி மன்றம் 2011-இல் கமிஷ்லியில் தொடங்கி மற்ற ஊர்களுக்கும் பரவியது. கணவன் அடித்தால் மனைவி போக வேண்டிய இடம் மாமனாரும் மச்சினனும் உட்கார்ந்திருக்கும் சபை இல்லை என்ற தெளிவு அதில் இருந்தது. ஆனால் அங்கேயும் சிறைகள் இருந்தன, பிடிபட்ட ஐ.எஸ். ஆட்களை ஆயிரக்கணக்கில் அடைத்து வைக்க வேண்டியிருந்தது.

மறைமுகச் செலவு என்று பார்த்தால் நேரம்தான். கூட்டம், மறுபடி கூட்டம், இரவுக்காவல், முறை வந்தால் சம்பளமில்லாப் பொறுப்பு. நாலு பேர் கண் எப்போதும் உங்கள் மேல் இருக்கும். சபாடிஸ்டா ஊர்களில் பெண்களின் கோரிக்கையால் சாராயமே தடை. வீட்டில் அடி குறைந்தது, தனி மனிதச் சுதந்திரமும் கொஞ்சம் குறைந்தது.

## ஒரு பார்வையில்

| கேள்வி | குலம் | ஐஸ்லாந்து முறை | கட்டணக் காவல் | ஊர்ச்சபை |
|---|---|---|---|---|
| நாதியற்றவர் | கைவிடப்படுவார் | வழக்கைக் கைமாற்றலாம், விலை உண்டு | காசு இருந்தால் | சபையில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது |
| பழி நிற்குமா | ஈடு கொடுத்தால் | பெரும்பாலும் | நடுவரை மதித்தால் | நன்றாக நிற்கும் |
| துப்பு | பலவீனம் | ஒப்புக்கொள்ளத் தூண்டுதல் | நல்லது | சின்ன ஊரில் நல்லது |
| திருந்தாதவன் | குலமே கைகழுவும் | யாரும் கொல்லலாம் | தெளிவான பதில் இல்லை | ஊரை விட்டு விலக்கு |
| காவலனே எசமானன் ஆவது | பெரிய குலம் | இறுதியில் நடந்தது | ஆபத்து மிக அதிகம் | முறை மாறினால் குறைவு |

## எந்த நிலைமைக்கு எது

அரசு நேற்று விழுந்துவிட்டது, இன்று இரவே உயிரைக் காக்க வேண்டும் என்றால் குல ஏற்பாடு இருக்கும் இடத்தில் அதைக் கலைக்கக் கூடாது. சோமாலியாவிலிருந்து பிரிந்த சோமாலிலாந்து 1993-இல் போராமா நகரில் குலப் பெரியவர்களை மாதக்கணக்கில் உட்கார வைத்துப் பேசித்தான் அமைதிக்கு வந்தது. சிதறி வாழும் குடியானவர்கள், தலைவர்கள் நிறையப் பேர், சொத்து வித்தியாசம் குறைவு என்றால் ஐஸ்லாந்து முறை தாங்கும். கட்டணக் காவல் பொருள் களவுக்கும் கிடங்கு, கப்பல் போன்றவற்றுக்கும் பொருந்தும்; உயிர் வழக்கையும் வீட்டுக்குள் நடக்கும் கொடுமையையும் அதனிடம் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் ஊர்ச்சபையை எடுப்பேன், மூன்று நிபந்தனைகளோடு. பொறுப்புகள் குலுக்கலிலோ முறை வைத்தோ மாற வேண்டும், யாரும் தொடர்ந்து உட்காரக் கூடாது. பெண்களுக்கும் ஊரில் சிறுபான்மையாக இருப்பவர்களுக்கும் அவர்களே நடத்தும் தனி மன்றம் வேண்டும். ஐஸ்லாந்திலிருந்து ஒன்றைக் கடன் வாங்கி, பாதிக்கப்பட்டவர் தன் வழக்கை வெளியூர்ச் சபைக்கு எடுத்துப் போகும் உரிமையையும், அந்தச் சபையின் தீர்ப்பு உள்ளூரைக் கட்டுப்படுத்தும் என்ற விதியையும் சேர்க்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் எனக்கு அது கட்டப்பஞ்சாயத்துதான். அதற்கு மோசமான போலீஸ் ஸ்டேஷனே மேல்.

திருந்தாத கொலைகாரன் மட்டும் இன்னும் மிச்சம் இருக்கிறான். செரானுக்குப் பக்கத்தில் ஒரு மாநில அரசும் அதன் சிறையும் இருக்கின்றன. அது இல்லாத உலகில் ஊரை விட்டு விலக்குவது என்றால் அவனைப் பக்கத்து ஊரின் தலையில் கட்டுவது என்று அர்த்தம். அப்படியானால் பல ஊர்கள் சேர்ந்து அவனை அடைத்து வைக்க ஓர் இடம் கட்ட வேண்டும், அதற்குக் காவலர் வேண்டும், காவலருக்குச் சோறு போடப் பங்கு வசூலிக்க வேண்டும். அந்த இடத்தின் சாவி எந்த ஊரிடம், எத்தனை மாதம், யார் பார்வையில் இருக்கும் என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளாத எந்த ஊர்க் கூட்டமைப்பிலும் நான் சேர மாட்டேன்.